இளவேனிலில் வெளியே செல்வோர் அறிய வேண்டியவை: வெயில் முதல் மின்னல் வரை

புதுடெல்லி: குளிர் விலகி, மா பூத்து, புரசு மரங்கள் செந்நிறமாக மலரும் பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் இறுதி வரையிலான காலம், இந்தியாவின் பெரும்பகுதியில் வெளியே செல்வதற்கு ஏற்ற பருவமாகக் கருதப்படுகிறது. ஹோலி, உகாதி, பைசாகி, பிஹு எனத் திருவிழாக்களும், கோதுமை அறுவடையும், பள்ளித் தேர்வுகள் முடிந்தபின் தொடங்கும் சுற்றுலாவும் இக்காலத்திலேயே வருகின்றன. இதே வாரங்களில்தான் மகரந்த ஒவ்வாமை, முதல் வெப்பப் பாதிப்புகள், உண்ணிக் காய்ச்சல், தேனீக் கொட்டு, மின்னல், காட்டுத் தீ ஆகியவையும் தலைகாட்டுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, எங்கே எது நேரும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் தவிர்க்கக்கூடியவை.

ஏட்டில் இல்லாத பருவம்

இந்திய வானிலை ஆய்வு மையம் ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிந்தைய காலம். இளவேனில் என்றொரு தனிப் பருவம் இந்தப் பகுப்பில் இல்லை. மரபு வழியில் வசந்தம் எனப்படும் நாட்கள் குளிருக்கும் கோடைக்கும் இடையிலான ஒரு குறுகிய மாற்றக் காலமேயாகும்.

அந்த இடைவெளியும் சில ஆண்டுகளில் சுருங்கிவிடுகிறது. நாடு தழுவிய பதிவுகள் தொடங்கிய 1901 முதல் கணக்கிட்டால், சராசரி அதிகபட்ச வெப்பநிலையில் 2022 மார்ச் அதுவரை இல்லாத அளவுக்கு வெப்பமான மார்ச்சாகவும், 2023 பிப்ரவரி அதுவரை இல்லாத அளவுக்கு வெப்பமான பிப்ரவரியாகவும் பதிவாயின. 2022 மார்ச் வெப்பம் வட இந்தியாவில் மணி முற்றும் நிலையில் இருந்த கோதுமையையும் பாதித்தது.

முதல் வெயில் ஏன் கடுமையாகத் தாக்குகிறது?

மனித உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. பழகிய உடலில் வியர்வை விரைவாகவும் அதிகமாகவும் சுரக்கும். அதில் வெளியேறும் உப்பின் அளவு குறையும். இதயத் துடிப்பும் சீராக இருக்கும். குளிர்காலம் முடிந்த உடனே வரும் வெப்பமான நாட்களில் இந்தத் தயார்நிலை உடலுக்கு இருப்பதில்லை. மே மாதத்தில் தாங்கிக்கொள்ளும் அதே வெப்பநிலை மார்ச் மாதத்தில் மயக்கத்தை உண்டாக்குவது இதனால்தான்.

வெப்ப அலை அறிவிப்பை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸையும், கடலோரத்தில் 37 டிகிரியையும், மலைப் பகுதியில் 30 டிகிரியையும் எட்டிய பிறகே, அது இயல்பைவிட எவ்வளவு அதிகம் என்ற கணக்கு பார்க்கப்படும். அந்த வேறுபாடு 4.5 டிகிரி முதல் 6.4 டிகிரி வரை இருந்தால் வெப்ப அலை. அதற்கு மேல் கடும் வெப்ப அலை. மார்ச் தொடக்கத்தில் சமவெளி நகரம் ஒன்றில் வெப்பநிலை இயல்பைவிட 7 டிகிரி உயர்ந்து 38 டிகிரியைத் தொட்டாலும், இந்த அளவுகோலின்படி அது வெப்ப அலை ஆகாது. ஆனால் பழகாத உடலுக்கு அது கடும் வெயிலே.

ஈரப்பதம் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர உடலைக் குளிர்விக்காது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடைபெற்ற விருது விழாவில் பல மணி நேரம் வெயிலில் அமர்ந்திருந்தவர்களுள் 10-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று அப்பகுதியில் பதிவான வெப்பநிலை சுமார் 38 டிகிரிதான்.

வெளியே வேலை செய்வோரும் நடைப்பயிற்சி மேற்கொள்வோரும் வெயில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொள்வது நல்லது. கட்டுமானத் தளம், செங்கல் சூளை, அறுவடைக் களம் போன்ற இடங்களில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் முழு வேலை கொடுக்கக் கூடாது. வழக்கமான வெயில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி, நாள்தோறும் அதே அளவு கூட்டுவது தொழில்சார் மருத்துவத்தில் பரிந்துரைக்கப்படும் முறையாகும். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்ப்பதும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றை அவ்வப்போது அருந்துவதும் அவசியம். சிறுநீர் அடர் மஞ்சள் நிறமாக இருந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

சிலருக்குக் கூடுதல் கவனம் தேவை. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் விரைவில் பாதிக்கப்படுவர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சில மனநல மருந்துகள், தூக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் உடலின் வெப்பத் தாங்குதிறனைக் குறைக்கக்கூடும். இவற்றை உட்கொள்வோர் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் குழந்தையைச் சில நிமிடங்கள்கூடத் தனியே விட்டுச் செல்லக் கூடாது.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல், மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். நிழலில் படுக்க வைத்து, ஆடைகளைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் நிலைமை சீராகும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். சிறிது சிறிதாகப் பிரித்துக் கரைப்பது சரியன்று. உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டி, பேச்சு குழறினாலோ, நடத்தை மாறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பப் பக்கவாதம். வியர்வை நின்றுபோயிருக்கலாம், தொடர்ந்து வழிந்துகொண்டும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். நினைவற்றவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்த வெப்பத்தைத் தணிக்காது.

காற்றில் கலக்கும் மகரந்தம்

பிப்ரவரி பிற்பகுதியில் டெல்லி, சண்டிகர் போன்ற வட இந்திய நகரங்களில் தும்மலும் கண் அரிப்பும் அதிகரிப்பதற்கு மரங்களின் மகரந்தமே முக்கியக் காரணம். வடக்கில் சில்பில் எனப்படும் மரம், காகித மல்பெரி, சீமைக்கருவேலம் ஆகியவற்றின் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுவதாக அறியப்பட்டவை. பகட்டான வண்ண மலர்கள் பெரும்பாலும் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவதால் அவற்றின் துகள்கள் கனமானவை. அவ்வளவாகக் காற்றில் மிதப்பதில்லை. கண்ணில் படாத சிறு பூக்கள் கொண்டு காற்றை நம்பியிருக்கும் மரங்களே பெரும்பாலும் தொல்லை தருகின்றன.

காஷ்மீரில் வசந்தத்தின் இறுதியில் பாப்லர் மரங்களிலிருந்து வெண்பஞ்சு பறந்து தெருவெங்கும் படியும். பலர் அதை மகரந்தம் என்று கருதுகின்றனர். உண்மையில் அது பெண் மரங்களின் விதைகளைச் சுமந்து செல்லும் பஞ்சு. மூக்கையும் கண்ணையும் அது உறுத்தலாம். ஆனால் ஒவ்வாமையை உண்டாக்குவது, அதே நாட்களில் காற்றில் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பிற மகரந்தங்களே.

சாதாரணச் சளிக்கும் ஒவ்வாமைக்கும் வேறுபாடு உண்டு. சளிக் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாட்களில் தணியும். உடல்வலியும் காய்ச்சலும் சேர்ந்து வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடியும். கண்ணும் மூக்கும் அரிக்கும். தொடர் தும்மல் வாரக்கணக்கில் நீடிக்கும். ஆண்டுதோறும் அதே வாரங்களில் திரும்பவும் வரும்.

வறண்டு காற்று வீசும் காலை நேரங்களில் மகரந்தம் மிகுந்திருக்கும். நல்ல மழைக்குப் பின் குறையும். ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசமும் கண்ணாடியும் அணிவது, வீடு திரும்பியதும் முகம், கண், தலைமுடி ஆகியவற்றைக் கழுவி உடை மாற்றுவது, துணிகளையும் தலையணை உறைகளையும் அந்த வாரங்களில் வெளியே காயப்போடாமல் இருப்பது ஆகியவை பயன் தரும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் ஓரிரு நாட்களில் முழுப்பலன் தருவதில்லை. மருத்துவர் ஆலோசனைப்படி பருவம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்து ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டியவை அவை.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இன்ஹேலர் பழக்கத்துக்கு அடிமையாக்கிவிடும் என்ற எண்ணம் இந்தியாவில் பரவலாக உள்ளது, அது தவறு. நுரையீரலுக்கே நேராகச் செல்வதால், வாய்வழி மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்தே அதில் போதுமானதாகிறது.

ஹோலி நாளில்

முன்பு வட இந்தியாவில் ஹோலி வண்ணம் புரசுப் பூக்களை ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ எடுக்கப்பட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான பொடிகள் பலவற்றில் தொழிற்சாலைச் சாயங்களும் பளபளப்புக்கான துகள்களும் கலந்திருக்கும். தோலிலும் தலைமுடியிலும் முன்னதாகவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் வண்ணம் எளிதில் நீங்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். கண்ணில் பொடி விழுந்தால் தேய்க்காமல் ஓடும் தூய நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். வலி, பார்வை மங்கல் நீடித்தால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூன் கண்ணில் நேராகப் பட்டால் உள்ளே இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பரிசோதனை தேவை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணி

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் 1957-இல் குரங்குகள் திடீரெனச் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. உண்ணி கடிப்பதால் பரவும் ஒரு வைரஸே காரணம் எனக் கண்டறியப்பட்டு, கியாசனூர் காட்டு நோய் எனப் பெயரிடப்பட்டது. மக்கள் வழக்கில் இது குரங்குக் காய்ச்சல். பின்னர் கேரளத்தின் வயநாடு, தமிழ்நாட்டின் நீலகிரி, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளிலும் இது கண்டறியப்பட்டது.

டிசம்பர் முதல் மே வரை இந்நோயின் பருவம். மழை நின்று காடு வறண்டபின், முழு வளர்ச்சி பெறாத மிகச் சிறிய உண்ணிகள் சருகுகளில் பெருகியிருக்கும். விறகும் சருகும் சேகரிப்போர், கால்நடை மேய்ப்போர், பாக்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோர் முதலில் பாதிக்கப்படுகின்றனர். மலையேறச் செல்வோருக்கும் ஆபத்து உண்டு. கடிபட்ட 3 முதல் 8 நாட்களில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, தசைவலி, வாந்தி தொடங்கும். சிலருக்கு இரத்தக்கசிவு ஏற்படும். நோயுற்றோருள் 100-க்கு 3 முதல் 5 பேர் வரை உயிரிழக்கின்றனர். வைரஸை நேரடியாக ஒழிக்கும் மருந்து இல்லை. உரிய நேரத்தில் கிடைக்கும் மருத்துவக் கவனிப்பே உயிரைக் காக்கிறது.

இப்பகுதிக் காடுகளுக்குச் செல்வோர் முழுக்கை, முழுக்கால் உடை அணிந்து, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். உண்ணி விரட்டி எண்ணெயைப் பூசிக்கொள்ள வேண்டும். சருகின்மேல் அமர்வதைத் தவிர்க்க வேண்டும். இறந்துகிடக்கும் குரங்கின் அருகே செல்லாமல் வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். குரங்கு இறந்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் சுற்றிலும் பரவும்.

வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, உடல் முழுவதும் பார்க்க வேண்டும். தோலில் உண்ணி ஒட்டியிருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். தீக்குச்சியால் சுடுவதோ, மண்ணெண்ணெய் ஊற்றுவதோ, விரலால் நசுக்குவதோ கூடாது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் நோய் டெங்கு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ தவறாகக் கருதப்படலாம்.

தேனீயும் பாம்பும்

காடு பூக்கும் இக்காலத்தில் பாறை இடுக்குகளிலும், கோட்டைச் சுவர்களிலும், குகைக் கோயில்களிலும், உயர்ந்த கட்டடங்களிலும் மலைத்தேனீக்கள் பெரிய கூடுகளைக் கட்டும். புகை, கல்லெறி, பட்டாசு, உரத்த ஒலி ஆகியவை அவற்றைச் சீண்டும். தாக்கத் தொடங்கினால் முகத்தை மூடிக்கொண்டு, கைகளை வீசாமல், மூடிய அறைக்கோ வாகனத்துக்கோ ஓட வேண்டும். நீரில் குதிப்பதால் பயனில்லை. தலை மேலே வரும் வரை அவை காத்திருக்கும். கொடுக்கை விரைந்து அகற்றுவதே முக்கியம். மூச்சுத்திணறல், முகவீக்கம், உடல் முழுதும் தடிப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினாலோ, ஏராளமான தேனீக்கள் கொட்டியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குளிர் குறைந்ததும் வட இந்தியாவில் பாம்புகள் மீண்டும் நடமாடத் தொடங்குகின்றன. எலிகள் மிகுந்த அறுவடை வயல்கள் அவற்றுக்கு இரைக்களம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்த இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது.

பாம்பு கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகியவை தீங்கையே கூட்டும். கடிபட்ட உறுப்பை, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், அசையாதபடி வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்தே வழங்கப்படுவதால், பாம்பைப் பிடித்து எடுத்துச்செல்லத் தேவையில்லை.

மாலை நேர இடிமின்னல்

மார்ச் முதல் மே வரை மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பிகார், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களில் பிற்பகலிலும் மாலையிலும் திடீர்ச் சூறைக்காற்றுடன் இடிமழை பெய்யும். வங்கத்தில் இது கால்பைசாகி எனப்படுகிறது. மின்னல் தாக்கி 2022-இல் நாடு முழுவதும் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. வயலில் வேலை செய்வோரும் மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவோரும் இத்தகைய விபத்துகளில் பெரிதும் சிக்குகின்றனர்.

இடியோசை கேட்டாலே மின்னல் எட்டும் தொலைவில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். மழைத்துளி விழும் வரை காத்திருக்கலாகாது. உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ செல்ல வேண்டும். தனி மரம், மின்கம்பம், கம்பிவேலி, குளம், மொட்டைமாடி ஆகியவற்றிலிருந்து விலக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை வெளியே வரக் கூடாது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, அருகிலுள்ள மின்னல் குறித்து எச்சரிக்கிறது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடித்துடிப்பும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்திவிடும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

மலைப் பயணமும் காட்டுத் தீயும்

சமவெளி சூடேறும்போது பயணிகள் இமயத்தை நாடுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகருக்கு விமானத்தில் செல்வோர், முதல் 48 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே மேலும் உயரமான இடங்களுக்குப் புறப்பட வேண்டும். தள்ளாட்டம், மனக்குழப்பம், ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத்திணறல் ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை. தாமதமின்றிக் கீழிறங்குவதே முதல் சிகிச்சை.

வசந்த வெயிலில் இளகும் பனி சரிவதும் உண்டு. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் பாதையில் நேர்ந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் உயிரிழந்தனர். அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பனிச்சரிவுகளில் இறங்குவது, வானம் தெளிந்த நாளிலும் பாதுகாப்பானதன்று.

உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத் தீப் பருவமாகக் கருதப்படுகிறது. அப்போது உதிரும் சீர் பைன் மர ஊசியிலைகள் எளிதில் பற்றிக்கொள்ளும். தெற்கிலும் இந்த ஆபத்து உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தோர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறண்ட மாதங்களில் வனத்துறை அனுமதியில்லாத பாதைகளில் செல்லக் கூடாது. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும் என்பதால், புகை தெரிந்தால் தீக்கு மேலே உள்ள சரிவில் ஏறித் தப்ப முயலாமல், புல்லற்ற பாறைவெளி, நீரோடை அல்லது ஏற்கெனவே எரிந்து தணிந்த இடத்தை நோக்கி விலக வேண்டும்.

புறப்படும் முன் சரிபார்க்க

● வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் செயலியிலும், பேரிடர் எச்சரிக்கைகளைத் தரும் சசேத் செயலியிலும் செல்லும் மாவட்டத்துக்கான அறிவிப்பு.

● ஒருவருக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் குடிநீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தொப்பி அல்லது குடை.

● வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர்.

● காட்டுப் பாதை எனில் முழுக்கை உடை, மூடிய காலணி, கைவிளக்கு, உண்ணி விரட்டி, இடுக்கி.

● செல்லும் பாதையும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருத்தல்.

● அவசர உதவிக்கு 112. பெரும்பாலான மாநிலங்களில் ஆம்புலன்ஸுக்கு 108.